பஞ்சு மூட்டைச் சோதனைச்சாவடி

நாங்கள் நூதனசாலைக்குப் போகத் தொடங்கியது வரலாற்றின் மேலுள்ள பற்றினால் அல்ல. பாடசாலை விடுமுறை விட்டிருந்தது. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் நான்காம் தளத்தில், பன்னிரண்டு வயது மகள் நாள் முழுவதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவளுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நகர வரலாற்று நூதனசாலையில் சனிக்கிழமைகளில் குடும்பப் பட்டறை. இலவசம். ஏசி உண்டு. பெற்றோரில் ஒருவர் கட்டாயம் பிள்ளையுடன் இருக்கவேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் என்னை இழுத்தது. நீச்சல் வகுப்பிலும் சங்கீத வகுப்பிலும் என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் போவதில்லை. எதிர்க்கடை நிழலில், வாங்கத் தேவையில்லாத எதையாவது விலை கேட்டுக்கொண்டு, வகுப்பு முடியும்வரை நிற்பேன். நான் எப்படியும் செய்கிற ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் என்று ஓர் இடத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை.

என் கணவர் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் கணக்காளர். அவருக்குச் சனிக்கிழமையும் வேலை. "போயிட்டு வாங்கோ, நல்ல விசயம்தானே," என்றார். பிறகு மகளுக்குக் கேட்காமல், "அங்க போயும் வாசல் எங்க, பின்கதவு எங்க எண்டு பாத்துக்கொண்டு நிக்காதையும்," என்றார்.

"பாக்கமாட்டன்," என்றேன்.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள். பின்வாசலில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

கோட்டை ஸ்டேசனில் இறங்கி, புறக்கோட்டைச் சனத்துக்குள்ளால் நெரிபட்டு, கொட்டாஞ்சேனைக்குப் போகிற வழியில் நடந்தால் அந்தப் பழைய பண்டகசாலை வரும். அதற்கு வெள்ளை அடித்து, உள்ளே கண்ணாடிப் பெட்டிகள் வைத்து, நூதனசாலை ஆக்கியிருந்தார்கள். முதல்நாள் நான் யாரிடமும் வழி கேட்காமல் நடப்பதைப் பார்த்து, "இந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியுமோ அம்மா?" என்றாள் மகள்.

"கொஞ்சம் தெரியும்."

யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த புதிதில், யுத்த காலத்தில், கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் அறையில் சில வருடங்கள் இருந்தேன். என் கதையை மகளுக்குச் சொல்லும்போதெல்லாம் அந்த வருடங்களில் நான் ரயிலில் தூங்கிவிட்டவள்போல் ஆகிவிடுவேன். ஏஎல் சோதனை பாஸ் பண்ணினேன், பிறகு அப்பாவைக் கலியாணம் கட்டினேன், இரண்டுக்கும் இடையில் ஸ்டேசன் எதுவும் இல்லை. அவள் இந்த நகரத்தில் பிறந்தவள். பஸ்ஸில் தமிழில் உரத்துக் கதைப்பாள், உரத்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் குறையாமல் காப்பாற்றிவிடவேண்டும் என்பதுதான் என் பெரிய ஆசை. அவள் சிரிக்கும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று தொடையில் தட்டுவதும் நான்தான்.

பட்டறையை நடத்தியவள் மெலிந்த ஓர் இளம் சிங்களப் பெண். மூன்று மொழியும் கதைப்பாள். தமிழைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்திருந்ததால், அதை மட்டும் வானொலிச் செய்திபோலக் கதைப்பாள். "பெற்றோர்களே, தாங்கள் தயவுகூர்ந்து தரையில் அமருங்கள்," என்றாள். வீட்டில் சோபாவிலிருந்து எழும்பவே முனகுகிற நாங்கள் எல்லோரும், அந்தத் தமிழுக்கு மரியாதை கொடுத்து, தரையில் உட்கார்ந்தோம்.

நிலத்தில் கொழும்பின் பெரிய வரைபடம் ஒன்றை விரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைக் காட்போர்ட்டில் செய்து, அந்த வரைபடத்தில் உரிய இடத்தில் வைக்கவேண்டும். மகள் சுவர்களை வெட்டினாள். நான் யன்னல்களைப் பொறுப்பெடுத்தேன். எங்கள் பக்கத்தில் தெமட்டகொடையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண், தன் சின்ன மகளோடு இருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு, என்னைவிடப் பத்து மடங்கு கதை. கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, நீங்க ஊடு கட்றீங்களா, மறியல் கட்றீங்களா?"

பார்த்தேன். எல்லா யன்னலுக்கும் சிறைக்கூடம்போலக் கம்பி வெட்டி ஒட்டிவிட்டிருந்தேன். கதவு இன்னும் இல்லை. ஆனால் கதவுக்கான தாழ்ப்பாள்கள் தயாராக இருந்தன.

"நாலாம் மாடிக்கும் கம்பியா?" என்று அவள் விடவில்லை. "ஆரு ஏறி வாற? காக்காவா?"

மகள் சிரித்தாள். வரைபடம் முழுவதும் கேட்கச் சிரித்தாள். நான் அவள் தொடையில் தட்டினேன்.

அன்று கலையும்போது, பட்டறை நடத்திய அந்த வழிகாட்டிப் பெண் ஒரு செய்தி சொன்னாள். கடைசிச் சனிக்கிழமை கண்காட்சியைப் பொதுமக்களுக்குப் பிள்ளைகளே சுற்றிக் காட்டுவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் இடத்தில் நின்று, தன் மொழியிலும் இன்னொரு மொழியிலும் விளக்கம் சொல்லவேண்டும். ட்ராம் வண்டி இருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்த கூடைகள் இருந்தன. பழைய தியேட்டரின் கதிரைகள் இருந்தன. மண்டபத்தின் கோடியில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது.

"எனக்கு அது," என்று கையை உயர்த்தினாள் மகள். அதற்கு அவளுடைய காரணம் எளிமையானது. அந்த இடத்தில் மட்டும்தான் இழுத்தால் உயருகிற தடி ஒன்று இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை பெற்றோருக்கு மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார்கள். கறுப்பும் மஞ்சளும் பூசிய தார்ப்பீப்பாக்கள். குறுக்கே தடி. ஆள் உயரத்துக்கு அடுக்கிய மண்மூட்டைகள். எங்கோ ஒளித்துவைத்த ஒலிபெருக்கியிலிருந்து வயர்லெஸ் கரகரப்பு. மகள் ஒரு மூட்டையில் விரலால் குத்தினாள். விரல் உள்ளே போய் வந்தது. "பஞ்சு அம்மா!" என்றாள். பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை: 'பாதுகாப்புச் சோதனை: நகர மக்களின் அன்றாட வாழ்வில் ஓர் அங்கம்.' எந்த மக்களின் என்று பார்க்க இரண்டு தடவை வாசித்தேன். பலகை சின்னது, இடம் போதவில்லைப்போலும்.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து காக்கி உடுப்புப் போட்ட ஒருவன் வந்தான். நாடகம் படிக்கிற பல்கலைக்கழக மாணவன் என்று பிறகு தெரிந்தது. தடிக்கு முன்னால் நின்று, கையை நீட்டி, "கொஹேத யன்னே?" என்றான். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்பது. இந்த நகரத்தில் ஓட்டோக்காரரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

எனக்கு முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் தொலைபேசியில் படம் எடுத்தார். என் முறை வந்தது.

என் கை கைப்பையின் வெளி சிப்பைத் திறந்தது. அடையாள அட்டையை எடுத்தது. படம் மேலே தெரியத் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் என் வாய் தொடங்கிவிட்டது. சொந்த ஊர் யாழ்ப்பாணம் சேர். கொழும்புக்கு வந்தது உத்தியோகத்துக்கு சேர். கோட்டையில் கந்தோர். இருப்பது கொட்டாஞ்சேனையில், இன்ன வீதியில், இன்ன இலக்கத்தில். வீட்டுச் சொந்தக்காரர் என் பெயரைப் பொலிஸில் பதிந்துவிட்டார். இருட்டுவதற்கு முன் அறைக்குத் திரும்பிவிடுவேன் சேர். எல்லாம் சிங்களத்தில், பிழையில்லாமல், அவன் கேட்காத ஒழுங்கில். அந்த விலாசத்தைவிட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல். அந்த வீடு இப்போது இருக்கிறதோ தெரியாது. என் வாய் இன்னும் அங்கேதான் குடியிருந்தது.

அந்தப் பெடியன் தன் வசனத்தை மறந்துவிட்டான். அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வழிகாட்டியைப் பார்த்தான்.

பிறகு எல்லோரும் கை தட்டினார்கள்.

"மிகவும் சிறப்பு!" என்றாள் வழிகாட்டி. அவள் கண் கலங்கியிருந்தது. "அம்மணி, தாங்கள் நாடகத்துறையைச் சார்ந்தவரா?"

"காப்புறுதித்துறை," என்றேன்.

தெமட்டகொடைக்காரி மட்டும் கை தட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். காதுக்குள் சொன்னாள். "அந்த ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு எங்களயும் இப்புடித்தான் நிப்பாட்டி நிப்பாட்டிக் கேட்ட. எனக்கு நாக்கே வரல்ல. நீங்க எவ்வளவு அழகாச் சொல்றீங்க! என்ன செய்ற அக்கா, நாங்க புதுசு. நீங்க சீனியர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்க மறுத்தது. நிலக்கரிக் கூடைக்குப் பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்து சிரித்தேன். அந்தப் பெடியன் வந்து, இரண்டு கையாலும் அட்டையை நீட்டி, "சொறி, அம்மே," என்றான். அவன் காலில் செருப்பு. சப்பாத்து வாங்க நூதனசாலையிடம் காசு போதவில்லையாம்.

மகளும் கை தட்டவில்லை.

திரும்பும் ரயிலில் அவள் யன்னலோரம் இருந்தாள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்கள் கொட்டாஞ்சேனையில இருந்தனீங்களோ?"

"கொஞ்ச நாள்."

"அந்த அண்ணாவுக்கு ஏனம்மா பயந்தனீங்கள்? அவர் செருப்பெல்லோ போட்டிருந்தவர்."

"பயப்படேல்ல. நடிச்சனான்."

"நடிக்கேக்க ஆருக்காவது காது வேர்க்குமோ?"

எனக்குப் பயம் வந்தால் காதோரம் வேர்க்கும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே வேலை: அவளை அந்த இடத்திலிருந்து ட்ராமுக்கு மாற்றவேண்டும். ஒரு தமிழ்ப் பிள்ளை, சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில், தமிழில், யாரென்றே தெரியாத நூறு பேருக்கு முன்னால் என்ன சொல்லும்? சொன்னதை யார் படம் எடுப்பார்கள்? அந்தப் படம் எங்கே போகும்? கணவரிடம் சொன்னேன். "அது பஞ்சு எண்டு நீரே சொன்னீரெல்லே?" என்றார் அவர்.

மகளிடம் சமாதானமாகத்தான் தொடங்கினேன். "ட்ராம் நல்ல விசயம் பிள்ளை. ட்ராமைப் பற்றிச் சொன்னா ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்."

"ட்ராமைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது? ஓடினது. நிண்டிட்டுது."

"நிலக்கரி?"

"அம்மா, ப்ளீஸ்."

மூன்றாம் சனிக்கிழமை அவளுக்குத் தெரியாமல் வழிகாட்டிப் பெண்ணிடம் போனேன். "தங்கள் புதல்வியே அவ்விடத்துக்குப் பொருத்தமானவர்," என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்துச் சிங்களத்துக்கு மாறினாள். சிங்களத்தில் அவள் சாதாரணப் பெண்தான், கொஞ்சம் பயந்தவளும்கூட. பிள்ளை சம்மதித்தால் மாற்றித் தருவதாகச் சொன்னாள். பிறகு தன் திட்டத்தை ஆசையாக விளக்கினாள். கடைசிநாள் காக்கிக்காரனை முன்வாசலிலேயே நிறுத்தப்போகிறாள். வருகிற எல்லோரும் அவனைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். அவன் கேள்வி கேட்பான். பார்வையாளரும் அவனைத் திருப்பிக் கேள்வி கேட்கலாம். உரையாடல், அதுதான் முக்கியம் என்றாள். கடைசியாக, ஒவ்வொரு மாதமும் வந்து அன்று நடித்ததுபோல நடித்துத் தரமுடியுமா என்றும் கேட்டாள். கந்தோரில் லீவு தரமாட்டார்கள் என்றேன்.

மகளுக்கு விசயம் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் ஒரு பேரம் வைத்தாள்.

"கடைசிநாள் விடிய முதல் பஸ்ஸில அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டிட்டு வேலைக்குப் போவார். நீங்கள் பிறகு சனத்தோட வாங்கோ. அந்த அண்ணா வாசல்ல உங்களை மறிப்பார். நீங்கள் ஐசி எடுக்காம உள்ளுக்கு வந்தா நான் செக்பொயின்றிலதான் நிப்பன். எடுத்தீங்கள் எண்டா ட்ராமுக்குப் போறன். ட்ராமுக்கு நிக்கிற பிள்ளை என்ர இடத்துக்கு வாறன் எண்டு சொல்லியிருக்கு."

"இது என்ன விளையாட்டு?"

"பயமில்லை எண்டனீங்களெல்லோ."

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு பருப்பைக் குழைத்தார். "ஓம்," என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே நிம்மதி. இதைவிட இலேசான பேரம் எது? வாசலில் அட்டையை எடுத்து நீட்டவேண்டும், அவ்வளவுதான். அதற்கு என் கைக்கு என் உதவிகூடத் தேவையில்லை. பிள்ளை ட்ராமுக்குப் பக்கத்தில் பத்திரமாக நின்று, ஓடினது, நிண்டிட்டுது என்று சொல்லும். தோற்பதற்கென்றே ஒரு பந்தயத்துக்குச் சம்மதித்த தாய் நான்.

கடைசிச் சனிக்கிழமை ரயிலில் தனியாகப் போனேன். அட்டை வெளி சிப்புக்குள் இருந்தது. இருந்தாலும் ரயில் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு யோசனை வந்தது. எப்படியும் தோற்கத்தானே போகிறேன். தோற்பதற்கு முன்னால், திருப்பிக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பெடியனிடம் ஒரு கேள்வி கேட்டால் என்ன? என்ன கேட்கலாம் என்று தேடவேண்டி இருக்கவில்லை. கொட்டாஞ்சேனை வீதிகளில் கேட்ட ஐந்தாறு கேள்விகளும், கேட்ட ஒழுங்கிலேயே, வாயில் நின்றன. கோட்டை வரும்வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற பக்கத்திலிருந்து சொல்லும்போது அவை வேறு மாதிரி இருந்தன. கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தன.

நூதனசாலைக்கு முன்னால் வெள்ளை உடுப்பில் மேளக்காரர்கள் நின்றார்கள். தெரு அதிர அடித்துப் பார்த்துவிட்டு, மேளத்தை இறக்கிவைத்துத் தேநீர் குடித்தார்கள். கண்காட்சி முடிவுக்கு இவ்வளவு ஆடம்பரமா என்று நினைத்தேன். வாசலில் வரிசை. காக்கி உடுப்பில் ஒருவன் நின்றான். முதல் வந்த பெடியன் இல்லை, கொஞ்சம் வயது கூடியவன், கறுத்த, களைத்த முகம். இந்தத் தடவை சப்பாத்து இருந்தது. பளபளப்பான சப்பாத்து. காசு கிடைத்துவிட்டது, நல்லது, என்று சந்தோசப்பட்டேன். நடிப்பிலும் முன்னேற்றம் இருந்தது. முன்னவன்போல முறைக்காமல், உண்மையான ஆட்களைப்போல, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சலிப்போடு கையை நீட்டினான்.

"கொஹேத யன்னே?"

"உள்ளே போகிறேன்," என்றேன் சிங்களத்தில். "நீ எந்த ஊர், தம்பி?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "என்ன?"

"சொந்த ஊர் எது என்று கேட்டேன்."

"மொனராகலை," என்றான்.

"கொழும்புக்கு எப்போது வந்தாய்?"

"இரண்டு வருசம் ஆகுது."

"ஏன் வந்தாய்?"

"வேலைக்கு. அனுப்பினார்கள்."

"எங்கே தங்கியிருக்கிறாய்? யாரோடு?"

"பாரக்ஸில். மற்ற ஆட்களோடு." அவன் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கந்தோரில் பியூனிடம்கூட நான் அப்படிக் கதைத்ததில்லை. இவன் அருமையாக நடிக்கிறான் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

"எப்போது திரும்பிப் போவாய்?"

அந்தக் கேள்விக்கு அவன் தொப்பியைச் சரிசெய்தான். "மாற்றம் கேட்டு எழுதியிருக்கிறேன் மேடம். வரவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை." பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம் அமைச்சிலிருந்தா வருகிறீர்கள்?" என்றான்.

இதற்கும் வசனம் எழுதிவைத்திருக்கிறார்களே என்று வியந்து, "இல்லை, வெள்ளவத்தையிலிருந்து," என்றேன். அவன் சப்பாத்தைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்து வழிவிட்டான். நான் உள்ளே போனேன். பை திறக்கப்படவில்லை. அட்டை கேட்கப்படவில்லை. கொடுக்க நினைத்திருந்ததை நான் மறந்தே போனேன்.

உள்ளே, ட்ராமின் படியில், செருப்புக் காலோடு, முதல் வந்த அந்தக் காக்கிப் பெடியன் உட்கார்ந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, "அம்மே, கடைசி நேரத்தில் எங்களை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். பிரதம அதிதி வருகிறார் என்று காலையிலேயே பொலிஸ் வந்து வாசலை எடுத்துக்கொண்டது," என்றான்.

அதன்பிறகு கொஞ்ச நேரம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நிலக்கரிக் கூடைக்குப் பக்கத்து வாங்கில் இருந்தேன். தெமட்டகொடைக்காரி வரிசையில் எனக்குச் சற்றுப் பின்னால் நின்றிருக்கிறாள். வந்து தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்தாள்.

"என்ட பேக்கத் தொறந்து, அதுக்குள்ள ஈந்த சோத்துப் பார்சலயும் தொறந்து பாத்த மனிசன் அக்கா அவன். உங்களுக்குச் சல்யூட்டு! நீங்க என்னத்தச் செல்லி வெரட்டின?"

"ஊர் எது எண்டு கேட்டனான்," என்றேன்.

கைத்தொலைபேசி அந்த வெளி சிப்புக்குள், அட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மகளிடமிருந்து எத்தனையோ அழைப்புகள். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி: 'அம்மா வாசல்ல real police. ஐசி எடுங்கோ. Bet இல்லை.'

அதை வாசித்து முடிக்க, அவளே என் முன்னால் நின்றாள். நான் தொலைபேசி எடுக்காததால் வாசலுக்கு ஓடியிருக்கிறாள். பிள்ளைகளை வெளியே விடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தில் நான் அதுவரை காணாத ஏதோ ஒன்று இருந்தது.

"மெசேஜ் பாத்தும் கேட்டனீங்களோ அம்மா? உண்மை பொலிஸ் எண்டு தெரிஞ்சுமோ?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே மேளம் முழங்கியது. பிரதம அதிதி வந்துவிட்டார். "நீங்கள் ஐசி எடுக்கேல்ல. நான் அங்கதான் நிப்பன்," என்று சொல்லிவிட்டு மகள் ஓடினாள். பந்தயத்தை இரத்துச் செய்தவளே அதை வென்றும்விட்டாள். அவளைப் பிடித்து ட்ராமுக்கு இழுத்துப்போக எனக்குக் கால் இல்லை.

பிரதம அதிதி ஒரு பெரிய மனிதர். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, சுற்றிவர ஆட்கள். ட்ராமுக்கு ஒரு நிமிடம் நின்றார், தியேட்டர்க் கதிரையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வாசல் பொலிஸ்காரரும் வந்துகொண்டிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கோடிவரை போய், பார்த்தால் தெரிகிற, கேட்டால் கேட்கிற தூரத்தில் நின்றேன். பின்வாசல் எனக்கு இடப்பக்கம் இருந்தது. பூட்டு அப்படியே இருந்தது.

மகள் கயிற்றை இழுத்தாள். தடி உயர்ந்தது. பஸ்ஸில் கதைப்பதைப்போலவே உரத்துத் தொடங்கினாள்.

"இது செக்பொயின்ற். இந்த மூட்டையளுக்குள்ள இப்ப பஞ்சு. முந்தி மண். முந்தி இதில நிக்கிறவை கேள்வி கேப்பினம், வாறவை பதில் சொல்லவேணும். எந்த ஊர், எப்ப வந்தனீ, ஏன் வந்தனீ, ஆரோட இருக்கிறாய், எப்ப போவாய். என்ர அம்மா கொட்டாஞ்சேனையில இருக்கேக்க ஒவ்வொரு நாளும் பதில் சொன்னவ. எனக்கு அது ரெண்டு கிழமைக்கு முந்தித்தான் தெரியும்."

பெரிய மனிதருக்கு யாரோ காதுக்குள் மொழிபெயர்த்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் வேறு வேலை பார்த்தது. எனக்குக் காதோரம் வேர்த்தது.

"இண்டைக்கு அம்மா வாசல்ல நிண்ட பொலிஸ் அங்கிளிட்ட அதே கேள்வியளைக் கேட்டவ. அவர் எல்லாத்துக்கும் பதில் சொன்னவர். அவற்ர ஊர் மொனராகலை. அவருக்கும் வீட்டை போக விருப்பம்."

இதையே அவள் சிங்களத்திலும் சொன்னாள். எல்லோரும் திரும்பி அந்தப் பொலிஸ்காரரைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். யாரோ ஒருவர் கை தட்டத் தொடங்க, மண்டபம் முழுவதும் தட்டியது. கை தட்டல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெரிய மனிதரும் தட்டினார். பிறகு பொலிஸ்காரரைக் கூப்பிட்டு, "உண்மையா?" என்று கேட்டார். "ஓவ் சேர், மாற்றம் கேட்டிருக்கிறேன்," என்றார் அவர். செயலாளர்போலிருந்த ஒருவர் தொலைபேசியில் எதையோ குறித்துக்கொண்டார். அந்தக் கேள்விகள் என்னிடம் கேட்கப்பட்ட காலத்தில் அவற்றால் யாருக்கும் ஒரு நன்மையும் விளைந்ததாக நான் அறியேன். நான் ஒரே ஒரு தடவை கேட்டேன், அதுவும் ஆள் மாறி; ஒரு பொலிஸ்காரருக்கு ஊருக்குப் போக வழி பிறந்துவிட்டது.

கூட்டம் கலைந்தபோது வழிகாட்டிப் பெண் என் கையைப் பிடித்தாள். "அம்மணி, உரையாடல் நிகழ்ந்தது," என்றாள். தெமட்டகொடைக்காரி விடைபெறும்போது, "சீனியர், அடுத்த முறை என்னயும் முன்னுக்கு நிப்பாட்டுங்க," என்றாள். இருவரிடமும் நான் விளக்கம் சொல்லவில்லை. வாசலைத் தாண்டும்போது அந்தப் பொலிஸ்காரர் மீண்டும் சல்யூட் அடித்தார். நான் தலையை ஆட்டினேன், அமைச்சிலிருந்து வந்தவளைப்போல.

ரயிலில் மகள் ஒரே கதை. யார் யார் படம் எடுத்தார்கள், தடி எத்தனை தடவை நடுவில் சிக்கியது, தியேட்டர்ப் பிள்ளை எந்த வசனத்தை மறந்தது. கொம்பனித்தெரு தாண்டியது. கொள்ளுப்பிட்டி தாண்டியது. இப்போது சொல்லிவிடலாம், பம்பலப்பிட்டிக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்: அவன் நடிகன் என்று நினைத்துத்தான் கேட்டேன் பிள்ளை, உன் செய்தியை உள்ளே வந்த பிறகுதான் பார்த்தேன், தெரிந்திருந்தால் ஐசியோடு பாட்டியின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

அவள் திடீரென்று கதையை நிறுத்திவிட்டு என் மடியைப் பார்த்தாள்.

"கை ஏனம்மா இப்பிடி நடுங்குது?"

"ஏசி," என்றேன். "நூதனசாலையில சரியான ஏசி."

யன்னல் எல்லாம் திறந்திருந்தது. கடற்காற்றும் வெயிலும் எங்கள் மேல் அடித்துக்கொண்டிருந்தன. அவள் என் கையையும் காதோரத்தையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் கைப்பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, வெளி சிப்புக்குள் விரலை விட்டு, அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, மூடினாள்.

வெள்ளவத்தையில் இறங்கும்போது அவள் ஏதோ நினைத்து உரத்துச் சிரித்தாள். அவள் தொடையில் தட்டக் கை போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.